குழாயில் காடேட்டமும் ரோமில் ஜூலியானஸும்

அன்புள்ள கயலுக்கு,

"பலமில்லாத இனம் அழியும், பலமில்லாத அரசனும் அப்படித்தான்" என்று வகுப்பில் சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். அப்படிச் சொல்லாதே, அம்மா. ஓர் இனம் எதைத் தின்று பிழைத்தது, அதே தீனிக்கு வேறு யார் வந்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்க வை.

மாஸ்கோவில் காஸ் என்ற உயிரியலாளர் செய்து 1934-ல் வெளியிட்ட சோதனையைப் பார். பாரமீசியம் என்பது நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிர். அதில் காடேட்டம் என்ற இனம் உருவில் பெரியது, ஆரேலியா என்ற இனம் சிறியது. தனித்தனிக் குழாய்களில் இரண்டும் செழித்தன. ஒரே குழாயில், ஒரே பாக்டீரியாவைத் தின்னவிட்டபோது முதலில் இரண்டும் பெருகின, பிறகு காடேட்டம் தேய்ந்து மறைந்தது. நிலைத்தது சிறியதுதான்! அதே காடேட்டம் பர்சாரியா என்ற இன்னொரு பாரமீசிய இனத்தோடு சேர்ந்து வாழ்ந்தது. காடேட்டம் மேலே மிதந்த பாக்டீரியாவைத் தின்றது, பர்சாரியா அடியில் படிந்த ஈஸ்டை.

நீயும் செய்து காட்டு. மூன்று குழாய் கட்டாயம் வேண்டும்: இரண்டு தனி, ஒன்று கலப்பு. கலப்புக் குழாயை மட்டும் வைத்தால், செத்த இனம் தனியே இருந்தாலாவது பிழைத்திருக்குமா என்று தெரியாமல் போகும். வைக்கோலைக் கொதிக்கவைத்து வடிகட்டி, துணி கட்டி இரண்டு நாள் வை. கொதியிலும் சாகாத வித்துகளிலிருந்து பாக்டீரியா பெருகும். அந்த நீரை மூன்றிலும் ஒரே அளவு ஊற்றி, பாரமீசியங்களை விடு. தினமும் மெதுவாகக் கலக்கி அரை மில்லி எடுத்து அதிலுள்ள பாரமீசியங்களை எண்ணு. கலக்காவிட்டால் மேலே திரண்டவை மட்டும் வந்து கணக்கைக் கெடுக்கும். எடுத்த அளவுக்குப் புது வைக்கோல் நீர் விடு. கழிவு மிஞ்சிவிட்டால் கொன்றது பட்டினியா கழிவா என்று பிரிக்க முடியாது.

இனி அரசன் கதைக்கு வா: ரோம், கி.பி. 193. பெர்டினாக்ஸ் திறமையான தளபதி. ஜனவரி 1-ல் அரியணை ஏறியபோது கருவூலத்தில் இருந்தது 10 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயம்தான். மெய்க்காவல் படையில் தலைக்கு 12,000 தருவதாக வாக்களித்திருந்தார். முந்தைய மன்னன் கொமோடஸின் ஆடம்பரப் பொருள்களை விற்றுப் பணம் திரட்டினார். படையைக் கட்டுப்படுத்தவும் முயன்றார். மார்ச் 28-ல் அந்த மெய்க்காவலர்களே அவரைக் கொன்றார்கள். அன்றே பதவி ஏலத்துக்கு வந்தது. பெர்டினாக்ஸின் மாமனார் சுல்பிசியானஸ் படையில் தலைக்கு 20,000 தருவதாகக் கேட்டார், டிடியஸ் ஜூலியானஸ் என்ற செனட்டர் 25,000-க்கு எடுத்தார். ஆண்டது 66 நாள். முந்தையவரைக் கொன்ற அதே படையை விட்டால் அவருக்கும் வேறு பிடிமானம் இல்லை. அவருக்கு எதிராகத் தளபதி செப்டிமியஸ் செவேரஸ் வந்தது டான்யூப் ஆற்று எல்லைப் படைகளோடு. ரோமின் அந்த மெய்க்காவல் படையை ஆயுதமின்றி வரவழைத்து, சூழ்ந்து கொண்டு, மொத்தமாகக் கலைத்தார். அந்த இடத்தைத் தன் ஆட்களால் நிரப்பினார். 211 வரை ஆண்டார்.

ஒப்பிடுவதை இங்கேயே நிறுத்து. தன்னைத் தின்பது யார் என்று பாக்டீரியா தேர்ந்தெடுப்பதில்லை. ரோமின் மெய்க்காவல் படை தேர்ந்தெடுத்தது, விலையும் பேசியது. இதைப் பிள்ளைகளே கண்டு சொன்னால் பாடம் பதிந்துவிடும். கலப்புக் குழாயில் முடிவு தெரிய இரண்டு மூன்று வாரமாகும், அதனால் இந்த வாரமே வைத்துவிடு. குழாய்களின் எண்ணிக்கை கையில் வந்தபின் ரோமைப் பற்றிப் பேசு.

அன்புடன்,
அப்பா