பக்கத்து அறைச் சாவி: மாவட்ட நகரங்களின் சபாக் காரியதரிசிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய காரியதரிசி அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி, மதுரை, கோவை, சேலம், நெல்லை, நாகர்கோவில் என்று சென்னைக்கு வெளியே சபா நடத்துகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். எழுதுகிறவர்கள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களும் பக்கவாத்தியம் வாசிப்பவர்களுமாகச் சிலர். நன்கொடை கேட்கவில்லை, மேடையும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், உங்கள் மண்டபத்தின் பக்கத்து அறை வேண்டும். அதோடு 80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. அறை, உங்கள் ஊரில் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் சேர்ந்து சாதகம் செய்ய; நோட்டு, யாரை யாரோடு சேர்ப்பது என்று பெயர் எழுதி வைக்க.

"நம்ம ஊர்ல வாசிக்க ஆள் எங்க சார் இருக்கு? எல்லாரையும் மெட்ராஸ்ல இருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கு" என்று நீங்கள் அலுத்துக்கொள்வதுண்டு. ஆள் இருக்கிறது. மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரி நடக்கிறது. பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், தேவாரம், பரதம் என்று மூன்றாண்டுப் படிப்பு. இது போகத் தெருவுக்குத் தெரு பாட்டு வகுப்பு. ஆனால் பாட்டு மாணவி ஆறு வருடம் சுருதிப்பெட்டியோடு மட்டும் பாடுகிறாள்; நாலு தெரு தள்ளி மிருதங்க மாணவன் ஆறு வருடம் தனியாக ஃபரன் என்ற வேகச் சொற்கட்டுகளைச் சாதகம் பண்ணுகிறான். இருவரும் சேர்ந்து உட்காரும் முதல் நாள், மேடையில் அறிவிப்பு முடிந்து திரை விலகும் நாளாக இருக்கிறது. பிறகு தாளம் நழுவுவதில் என்ன ஆச்சரியம்?

வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினால் தீராதா என்பீர்கள். குழுக்கள் இருக்கின்றன. காலை வணக்கப் படங்களுக்கும் கச்சேரி நோட்டீசுகளுக்கும் நடுவே "வயலின் யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் வரும், யாராவது ஒரு நம்பரைப் போடுவார்கள். நம்பர் கிடைத்துச் சேர்கிற ஜோடி பெரும்பாலும் முதல் நாளே முறிகிறது. காரணம் குணமல்ல, சுருதி.

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். 5 கட்டையில் பாடும் ஒரு பெண், மிருதங்கம் கற்ற ஒரு தம்பியைக் கூப்பிடுகிறார் என்று வையுங்கள். அவரிடம் இருப்பது ஒரே மிருதங்கம். ஒன்றரைக் கட்டைக்குக் கட்டியது, 24 அங்குலத் தக்கு சுருதி, அதாவது தாழ்ந்த சுருதி. கல்லையும் புள்ளையும் எடுத்து வலந்தலையை (வலப்பக்கத் தோலை) சுற்றிச் சுற்றித் தட்டுகிறார். அரைக் கட்டை ஏறும்; ரொம்பப் போனால் ஒரு கட்டை. அதற்கு மேல் தட்டினால் தோல் கிழியும், இல்லையென்றால் தோல் நடுவிலுள்ள கறுப்புக் கரணை விரிசல் விடும். 2 கட்டையில் நிறுத்தி, 5 கட்டைக்கு அது பஞ்சமம்தானே என்று ஒப்பேற்றலாம். கச்சேரித் தொடக்கத்தில் பாடும் வர்ணம் வரை ஓடும். கீர்த்தனைக்குப் போனதும் பாட்டு ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று காது நெருடும். அந்தத் தம்பிக்குத் தேவை 22 அங்குல ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் ஒன்று. அது அவரிடம் இல்லை என்பது முன்பே தெரிந்திருந்தால், ஒரு கட்டையில் பாடும் வேறொருவரிடம் அவரை அனுப்பியிருக்கலாம். தெரியாததால் இருவரும் "ஒத்து வரல" என்று சொல்லிப் பிரிந்துபோகிறார்கள்.

மற்ற வாத்தியங்களுக்கும் இதே கதைதான், அளவுதான் வேறு. ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை. பெண் குரல் நாலரை, ஐந்து, ஐந்தரை. ஒரே வயலினை இந்த இரண்டுக்கும் ஏற்றி இறக்கினால் கம்பி படியாது. பாதி நேரம் பிரடை திருகுவதிலேயே போகும். குழல்காரர் கட்டைக்கு ஒரு குழல் வைத்திருக்க வேண்டும். வீணை தன் சுருதியை விட்டு அதிகம் நகராது. கடம் இருக்கிறதே, மானாமதுரையில் சுட்டபோது என்ன சுருதியோ அதுதான். மாற்ற வேண்டுமானால் வேறு கடம்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே நோட்டில் பெயருக்கு அடுத்த கட்டம் சுருதி. பாடுகிறவர் தன் கட்டையை எழுதட்டும். வாசிக்கிறவர் தன் கையிலுள்ள வாத்தியம் எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை நிற்கும் என்று எழுதட்டும். "எல்லாக் கட்டைக்கும் வாசிப்பேன்" என்று எழுதுகிறவரை ஒரு முறை வாத்தியத்தோடு வரச்சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது கட்டம் காலப்பிரமாணம், அதாவது பாடும் வேகம். "நடுத்தரம்" என்று எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஒவ்வொருவர் நடுத்தரமும் வேறு. ஆதி தாள வர்ணம் ஒன்றை முதல் காலத்தில் வழக்கமாகப் பாடுகிற மாதிரி பாடி, பத்து ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் பத்துச் சுற்றுக்கு) எத்தனை விநாடி ஆகிறது என்று போன் கடிகாரத்தில் பார்த்து எழுதச்சொல்லுங்கள். ஒருவருக்கு 80 விநாடி, இன்னொருவருக்கு 60 என்றால், அதே வர்ணத்தை இரண்டாம் காலத்தில், இரட்டிப்பு வேகத்தில் எடுக்கும்போது மெதுவானவருக்கு நாக்கும் விரலும் தடுமாறும். பாதியில் காலத்தை இழுத்துப் பிடிப்பார், வேகமானவர் ஓடுவார். சண்டை அங்கேதான் பிறக்கும்.

நான்காவது, சேர்ந்து ஒழுங்காக வாசிக்கக்கூடிய உருப்படிகள், அதாவது வர்ணம், கீர்த்தனை போன்றவை. தெரிந்தவை எல்லாம் வேண்டாம், புத்தகம் பார்க்காமல் வருபவை மட்டும், பத்துக்கு மேல் போகாமல். ஒவ்வொன்றுக்கும் ராகம், தாளம், எடுப்பு மூன்றையும் குறிக்க வேண்டும். எடுப்பு என்பது தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம்; அதைத்தான் பலரும் எழுதாமல் விடுவார்கள். பல்லவி சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) எடுக்கிறதா, அரை இடமா, ஒன்றரை இடமா என்று தெரியாமல் வந்து உட்காரும் மிருதங்கக்காரர் கோர்வையை (முடிவுச் சொற்கட்டை) சமத்தில் கொண்டுவந்து முடிப்பார். பாட்டுக்காரர் வாயைத் திறக்க இன்னும் ஒன்றரை எண்ணிக்கை பாக்கி இருக்கும். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவைப்பார்கள்.

கடைசிக் கட்டம், எதற்காகச் சேர வேண்டும் என்பது. எங்களைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம். வானொலியில் பி கிரேடுத் தேர்வுக்குத் தயார் செய்கிறவருக்கு அதே நாலு உருப்படி நாற்பது தடவை வேண்டும். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பவும் வயலினைத் தூசி தட்டி எடுத்தவருக்கு வாரம் ஒரு புதுக் கீர்த்தனை வேண்டும். போட்டிக்குப் போகிற பள்ளிப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கிற பழக்கம் வேண்டும். மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேரும் உழைப்பவர்கள். ஒரே பாயில் உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் மூவரும் வருவதை நிறுத்திவிடுவார்கள். தரம் சமமாக இருப்பதை விட நோக்கம் சமமாக இருப்பது நல்லது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சேர்ந்து வாசிக்க வாசிக்கச் சமமாகிவிடும்.

சரி, நோட்டில் எழுதியது உண்மையா என்று யார் பார்ப்பது? தேர்வுக் குழு, நடுவர், மதிப்பெண் என்று தயவுசெய்து போய்விடாதீர்கள். போனால் பாதிப் பேர் வாசற்படி ஏற மாட்டார்கள். உங்கள் ஊரில் மிருதங்கத்துக்குத் தோல் மாற்றிக் கொடுப்பவரிடம் ஒரு நடை போய்ப் பேசுங்கள். யார் தினமும் இரண்டு மணி நேரம் சாதகம் செய்கிறார்கள், யாருடையது அலமாரி மேல் உறை போட்டு இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. கரணை தேய்ந்து வருகிற வாத்தியம் ஒரு சாதி, எலி கடித்து வருகிற வாத்தியம் இன்னொரு சாதி. வயலின் வில்லுக்கு முடி மாற்றுகிறவரும் இதே போலச் சொல்வார். ஊரில் இதைவிட நம்பகமான சான்றிதழ் கிடையாது.

அறைக்கு வருகிறோம். 12க்கு 12 அடி போதும். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் ஆகாது. மிருதங்கச் சத்தம் முட்டித் திரும்பி வயலினை விழுங்கிவிடும். மேடைக்குப் போடுகிற பழைய ஜமக்காளம் இரண்டைத் தரையில் விரித்து, கிழிந்த மேடைத் திரையை ஒரு சுவரில் தொங்கவிட்டால் நிறையக் குறையும். மைக் வேண்டவே வேண்டாம். மைக் வந்தால் ஒருவர் சத்தம் கூட்டச்சொல்வார், பிறகு எல்லாரும் சொல்வார்கள்.

சுருதிக்கு ஒரே ஓர் இடம் இருக்க வேண்டும். மூன்று பேர் மூன்று போனில் மூன்று செயலியைத் திறந்து வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி இருக்கும், அதுவே நாள் முழுக்க உறுத்தும். போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச் சட்ஜம் கேட்கவும் கேட்காது. ஒரு கட்டையில் பாடுகிறவர் பிடிமானம் இல்லாமல் மெல்ல இறங்குவார். தம்புரா இருந்தால் அதை மீட்ட ஓர் இளம் மாணவரை உட்கார வையுங்கள், அதுவே அவருக்குப் பெரிய பாடம். இல்லையென்றால் சுருதிப்பெட்டி ஒன்றை நடுவில் வையுங்கள். மழைக்காலத்தில் தோல் இறங்கும், ஏசி அறையில் ஏறும்; ஆகையால் மிருதங்கக்காரர் அரைமணி முன்னதாக வந்து, தொப்பிக்கு (இடப்பக்கத் தோலுக்கு) ரவைப் பசை போட்டு, சுருதி சேர்த்து முடித்த பிறகே மற்றவர்கள் உட்கார வேண்டும். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க நடுவில் உட்கார்ந்து சுருதி சேர்ப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

முதல் மாலைக்கு ஒரு முறை சொல்கிறோம். கச்சேரி வரிசையில் உட்கார வேண்டாம். தாளம் போடும் கை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முகம் பார்த்து வட்டமாக உட்காருங்கள். மொத்தம் மூன்று அல்லது நாலு பேர், அதற்கு மேல் வேண்டாம். முதலில் வர்ணம் இரண்டு காலத்தில். பிறகு தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் ஒன்று. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஐந்தும் ஆதி தாளம். எந்தக் குருவிடம் படித்திருந்தாலும் குறைந்தது இரண்டு தெரிந்திருக்கும். திருவையாறு ஆராதனையில் ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகப் பாடிவிட முடிவதன் காரணமே அதுதான். அதிலும்கூடப் பாடாந்தரம், அதாவது குருவுக்குக் குரு பாடும் விதம், அங்கங்கே மாறும். அங்கேதான் ஒருவரை ஒருவர் அறியலாம். சங்கதி மாறுகிற இடத்தில் "எங்க குருநாதர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்" என்று வாதாடுகிறவர் ஒரு ரகம். காதைக் கொடுத்து அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்கிறவர் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தை விடாதீர்கள்.

அதன் பின் ஒரே ஒரு கீர்த்தனை, அதில் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவல், ஆளுக்கு ஓர் ஆவர்த்தனமாக அந்த நேரத்துக்குக் கற்பனை செய்து சுற்றிவரும் கல்பனாஸ்வரம். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு எட்டு நிமிடம், கடிகாரம் பார்த்து. தனிக்கு எல்லை வைக்காத கூட்டத்திலிருந்து முதலில் காணாமல் போவது வயலின். அதுவும் வயலின் வாசிப்பவர்கள் நம் ஊர்களில் குறைவு; ஒரு வயலினுக்கு மூன்று மிருதங்கம் என்ற கணக்கில்தான் ஆட்கள் வருவார்கள். முறை வைத்து மாற்றுங்கள். முறை இல்லாத மிருதங்கக்காரர் கையால் தாளம் போட்டு உட்காரட்டும். கையால் தாளம் போடத் தெரியாமல் மிருதங்கம் வாசிப்பவர்கள் உண்டு, வெளியே சொல்வதில்லை.

உங்கள் அறையைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு மாடிக்கு, ராத்திரி எட்டு மணிக்கு, பெண்ணை அனுப்ப எந்தத் தாய் தகப்பனும் யோசிப்பார்கள். பாட்டு, வயலின் மாணவர்களில் பெண்களே நிறைய. கஞ்சிராவும் மிருதங்கமும் எடுத்துக்கொண்ட பெண்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுவோர்தான் குறைவு. சபாவின் அறை, திறந்த கதவு, வெளியே வாட்ச்மேன், எட்டரைக்கு முடிவு என்றால் அனுப்புவார்கள். குரு விஷயமும் அப்படியே. "அவர் சிஷ்யனோடு நீ உட்காராதே" என்று சொல்கிற குருமார்கள் உண்டு. ஒருவர் வீட்டுக்குப் போனால்தான் அது கட்சி மாறுவது. சபாவுக்குப் போவது சபாவுக்குப் போவதுதான். அந்தக் குருமார்களுக்கும் நீங்களே ஒரு கடிதம் போட்டுச் சொல்லிவிட்டால் மரியாதையாக இருக்கும்.

ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவைக்கிறோம். இந்த நோட்டு உங்கள் மேசைக்கு வந்ததும், ராமநவமிக்கும் நவராத்திரிக்கும் "சும்மா வந்து வாசிச்சுட்டுப் போங்க, உங்களுக்கும் ஒரு வாய்ப்பு" என்று கூப்பிட ஆசை வரும். கூப்பிடாதீர்கள். மேடைக்குக் கூப்பிட்டால் சன்மானமும் போக்குவரத்தும் பேசிக் கூப்பிடுங்கள். சும்மா வாசிக்க ஆள் பிடிக்கிற நோட்டு என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், நன்றாக வாசிக்கிறவர்கள் தங்கள் பெயரை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கிழமை செவ்வாய். சனி, ஞாயிறு என்று வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவர் எல்லாம் சனிக்கிழமை மாலையே ஏதாவது ஒரு வரவேற்பில் இருப்பார். செவ்வாயில் கல்யாணம் வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிவு. ஆடியில் ஆரம்பித்தால் முகூர்த்தத் தொல்லை கிடையாது (அம்மன் கோயில் கச்சேரிகளுக்குப் போகிறவர்கள் ஓரிரு வாரம் வரமாட்டார்கள், பரவாயில்லை). மார்கழி பிறந்து எல்லாரும் சென்னைக்கு ரயில் ஏறுவதற்குள் 20 செவ்வாய்க்குக் குறையாமல் கிடைக்கும். முதல் நாலு வாரம் இரண்டு பேர் மட்டும் வந்தாலும் அறையைப் பூட்டாதீர்கள்.

வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே அறையைத் திறக்கச் சொல்லிவிடுங்கள். மிருதங்கக்காரர் அப்போதே வந்துவிடுவார்.

இப்படிக்கு,
பாட்டு வாத்தியார்கள், பக்கவாத்தியக்காரர்கள் சிலர்