கடலடி ஒலிப்பதிவுகளை எத்தனை காலம் பூட்டி வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு ஆய்வுக் கப்பலொன்று நம் இலங்கைத் துறைமுகத்தை நெருங்கும்போதெல்லாம், கடலே தெரியாத எங்கள் ஹட்டன் பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் அது எதைத் தேடி வருகிறது என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறவாததால் ஆளுக்கொரு கதை உலாவுகிறது. பாதுகாப்புக்கு இரகசியம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லையும் காலவரையறையும் வேண்டும்.

சுவீடனில் நடந்ததைப் பாருங்கள். 1981 ஒக்டோபரில் சோவியத் நீர்மூழ்கிக் கப்பலொன்று கார்ல்ஸ்க்ரோனா கடற்படைத் தளத்துக்கு அருகே தரைதட்டி நின்றதால், அந்நாட்டவரின் அச்சம் வெறும் கற்பனையன்று. எனினும், பிற்காலத்தில் நீரடி ஒலிவாங்கிகளில் பதிவான, தாளிக்கும்போது கடுகு வெடிப்பதை ஒத்த ஓர் ஓசையையும் கடற்படை அந்நிய நீர்மூழ்கியின் தடயமென்றே கருதியது. 1996இல் வெளியிலிருந்து விஞ்ஞானிகளை அழைத்து அந்த இரகசியப் பதிவுகளைக் கேட்கச் செய்த பின்னரே, நம் சூடை மீனுக்கு உறவான ஹெரிங் மீன்கள் வெளிவிடும் காற்றுக் குமிழிகளின் ஓசையே அது என்பது வெளிப்பட்டது. மீன்களின் இயல்பறிந்தவர்களிடம் முன்னரே கேட்டிருந்தால், அத்தனை ஆண்டு வீண் தேடலும் பகைமைப் பேச்சும் குறைந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பனிப்போர் முடிந்தபின் அமெரிக்கக் கடற்படை தன் கடலடி ஒலிவாங்கி வலையமைப்பை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. 1993இல் பசிபிக் கடலடியில் நிகழ்ந்த எரிமலை வெடிப்பை அவர்கள் நிகழ்ந்த வேளையிலேயே கண்டறிந்தார்கள். நம் இந்து சமுத்திரத்திலும், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கும் ஒலிவாங்கிகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அதுவரை அறியப்படாத நீலத் திமிங்கலக் கூட்டமொன்றை 2021இல் அடையாளம் கண்டனர்.

கோப்புக்குள் முடங்கும் தகவலின் விலையை மலையகம் அறியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. அந்தச் சரிவின் ஆபத்து பல ஆண்டுகளுக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. அது இராணுவ இரகசியமல்ல என்பதை அறிவேன். ஆயினும் எந்தத் துறையின் மௌனத்தையும் எங்களால் எளிதில் ஏற்க முடிவதில்லை.

2023இல் சீனாவின் ஷி யான் 6 கப்பல் நமது அரச நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவுடன் இணைந்து ஆய்வு நடத்தியது. அடுத்த ஆண்டு முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. நம் கடலில் பதிவானவற்றில் எவை நம்மிடம் உள்ளன, எவை கப்பலோடு சென்றன என்பதைச் சம்பந்தப்பட்ட அமைச்சு பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்புக்கு விலக்களித்தாலும், பொதுநலன் மேலோங்குமிடத்துத் தகவலை மறுக்கலாகாது என்றும் கூறுகிறது. கருவிகள் பொருத்தப்பட்ட இடங்களையும் அவற்றின் திறனையும் மறைத்துக்கொள்ளட்டும். அடையாளம் காணப்படாத ஓசைகளின் பதிவுகளை ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னராவது நமது பல்கலைக்கழகங்களின் கடலியல் ஆய்வாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஹட்டன்.