சூரியனைப் பற்றி எழுதிய பூண்டு விவசாயிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலிலும் மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களிலும் இருந்துகொண்டு இணையத்தில் நாங்கள் எழுதிவந்த கட்டுரைகள் ஒருவழியாக மின்னூலாகிவிட்டன. தொகுத்தவன் என்ற பட்டம் என் தலையில் விழுந்திருக்கிறது. உண்மையில் நான் செய்தது, எல்லோரையும் நச்சரித்துக் கட்டுரை வாங்கியது மட்டும்தான். மற்ற வேலையெல்லாம் வேறு ஆட்கள் பார்த்தார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை. போட்டால் வீடு தேடி வந்து சண்டை போடுவோம் என்று சிலர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

முதலில் பூம்பாறை அய்யா. மலைப்பூண்டு போடுகிறவர். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சமயத்தில், பூண்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று அவரிடம் போய் நின்றேன். "பூண்டைப் பத்தித்தான் தெனமும் கவலைப்படுறேனே, அதை எழுத வேற செய்யணுமா? சூரியனைப் பத்தி எழுதுறேன்" என்றார். கொஞ்ச நாளில் ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்தும்விட்டார்.

நம் ஊர் சூரிய ஆய்வகம் ஏன் வந்தது என்பதிலிருந்து ஆரம்பித்திருந்தார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கிற மாற்றங்களுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. தெளிந்த வானமுள்ள உயரமான இடமாகத் தேடினார்கள். 1899-இல் கொடைக்கானலில் ஆய்வகம் அமைந்தது, 1901-இல் வேலை தொடங்கியது. 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவருகிறார்கள். "மழைக்காகத்தான் சூரியனைப் பார்க்க ஆரம்பிச்சாங்கன்னா அது என் விஷயமும்தானே?" என்பது அய்யாவின் கட்சி. என்னிடம் பதில் இல்லை.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் இங்கே கண்டுபிடித்ததை அவர் விளக்கிய பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தால் நடுநடுவே கோடுகள் தெரியும். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போகும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கம் நகரும். சூரியக் கரும்புள்ளியின் இரண்டு ஓரங்களிலும் கோடுகள் எதிரெதிராக நகர்ந்திருந்தன. அதை வைத்து, மடை திறந்த தண்ணீர் பாத்திக்குள் பரவுகிற மாதிரி வாயு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிறது என்று எவர்ஷெட் முடிவுக்கு வந்தார். பத்தே வரியில் இதைச் சொல்லியிருந்தார் அய்யா. பாடப்புத்தகம் எதிலும் நான் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. அந்தக் கட்டுரையை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வரிக்கு வரி படித்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். அவருக்கும் நன்றி.

அப்புறம் பார்த்தால், எங்களில் யாருமே சொந்தத் தொழிலைப் பற்றி எழுதவில்லை. ஜீப் ஓட்டுகிற தம்பி எழுதுவது பறவைகளைப் பற்றி. பழனிச் சிரிப்பான் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டும்தான் உண்டு, வடக்கே நீலகிரியில் இருக்கும் சிரிப்பான் வேறு இனம் என்பதெல்லாம் அவர் எழுதித்தான் எனக்குத் தெரியும். நர்ஸ் அக்கா பல்லாங்குழி ஆட்டத்தின் விதவிதமான விதிகளைச் சேர்க்கிறார். காபி, மிளகு வியாபாரம் பார்க்கிற ஒருவர் தாண்டிக்குடியில் இருக்கும் கல்திட்டைகளை, அதாவது பழங்காலக் கல் ஈமச் சின்னங்களை, அளந்துகொண்டு திரிகிறார்.

"ஒரே விஷயத்தை எழுதுங்க, அப்பத்தான் ஆள் சேரும். டூரிஸ்ட் இடம், ரூம், சாப்பாடு, இதை எழுதுங்க" என்று எங்களுக்கு நல்லது நினைத்துச் சொன்னவர்கள் நிறைய. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. 2024 மே மாதம் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, அதைப் பற்றி எழுதியிருந்தால் கூட்டம் அலைமோதியிருக்கும். நாங்கள் அப்போது போட்டது பல்லாங்குழிக் கட்டுரை. அதையும் உட்கார்ந்து படித்து, "எங்க ஊர்ல காசிக் குழியில வர்ற சோழியை இப்படி எடுக்க மாட்டோமே" என்று மல்லுக்கு நின்ற வாசகர்கள் இருக்கிறார்களே, அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஆள் சேர்கிறதோ இல்லையோ, தனக்குப் பிடித்ததை எழுதினால் படிக்க நாலு பேர் வருவார்கள் என்ற தைரியத்தை எங்களுக்குக் கொடுத்தது அவர்கள்தான்.

இப்போது கண்டக்டர் அண்ணன். மேல்மலையில் நெட்வொர்க் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காற்றடித்து ஒரு மரம் சாய்ந்தால் கரண்ட் போகும், கூடவே சிக்னலும் போய்விடும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோன பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை மறக்க முடியுமா? சிக்னல் இருக்கிற நாளிலும் பெரிய படங்கள் போய்ச் சேராது. அதனால் மன்னவனூர்ப் பக்கமிருந்து படமும் எழுத்தும் மெமரி கார்டில்தான் வரும், அதுவும் பஸ்ஸில். நகத்தளவு கார்டை ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, தோல் பையில் சில்லறை விழாத அறையில் வைத்துக்கொண்டு வருவார் அண்ணன். கொடைக்கானலில் இறங்கியதும் முதலில் அதை என் கையில் வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். ஒரு கார்டுகூடத் தொலைந்ததில்லை. காசு கொடுத்தால் முறைப்பார். சரி, கட்டுரையாவது படிக்கிறாரா என்று கேட்டால், "சூரியன் நல்லா இருந்துச்சு, பல்லாங்குழி சுமார்" என்றார்.

மூஞ்சிக்கல் ஜெராக்ஸ் கடைத் தங்கச்சி இல்லையென்றால் பூம்பாறை அய்யாவின் நோட்டு, வெறும் நோட்டாகவே இருந்திருக்கும். அய்யாவுக்கு மெய்யெழுத்தில் புள்ளி வைக்கிற பழக்கம் கிடையாது. மையும் பின்பக்கம் ஊறியிருக்கும். நோட்டைப் பிரித்து, பக்கம் புரளாமல் இருக்கப் பஞ்சிங் மெஷினைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத் தட்டச்சு செய்தார். அவர் தட்டுவது தமிழ்99 முறையில். அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அய்யா வைக்காமல் விட்ட புள்ளிகளில் பாதியை அந்த விசைப்பலகையே வைத்துவிட்டது! 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியாக வந்த முறை அது. அதற்காக உழைத்தவர்களுக்கும் ஒரு கும்பிடு. 1998 பொங்கலன்று தொடங்கி, பழந்தமிழ் நூல்களைச் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவரும் மதுரைத் திட்டத்தாருக்கும் அப்படியே. எங்களுக்கு முன்மாதிரி அவர்கள்தான்.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. ஜீப் தம்பியின் படங்களையும் இரண்டு கட்டுரைகளையும் ஒரு தங்கும் விடுதிக்காரர்கள் அப்படியே எடுத்துத் தங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். பேர் கிடையாது, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. தம்பி மனசு விட்டுப்போய் எழுதுவதையே நிறுத்திவிட்டார். அப்போது சென்னையிலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் என்ன என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி எழுதினால் அதையும் இதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்கிற வகையை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். விடுதிக்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் அந்த வாசகர்தான். படங்களை எடுத்துவிட்டார்கள். மன்னிப்பு எதுவும் வரவில்லை, போகட்டும். தம்பி மறுபடி எழுதுகிறார், எனக்கு அது போதும்.

பிழை திருத்திய தமிழாசிரியர், அட்டைப் படம் வரைந்த கல்லூரி மாணவி, கூட்டம் போடத் திண்ணை கொடுத்த பண்ணைக்காட்டு வீட்டார், அங்கே வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்த அத்தை, எல்லோருக்கும் நன்றி.

மின்னூல் இலவசம், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். காகிதத்தில் படித்தால்தான் படித்த மாதிரி இருக்கும் என்கிறவர்களுக்காக ஜெராக்ஸ் கடையில் சில பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறோம். ஸ்பைரல் போட்ட செலவை மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தொகுப்புக்குக் கட்டுரைகள் வர ஆரம்பித்துவிட்டன. பூம்பாறை அய்யா இந்த முறை நிலாவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். பூண்டைப் பற்றி எழுத இன்னும் ஆள் கிடைக்கவில்லை. விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
தொகுத்தவன்
கொடைக்கானல்