உறுமலுக்குக் காரணம் மைக் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளியூரில் இருக்கும் பேரனுக்காகத் தேவாரம் பாடி வீட்டிலேயே பதிவு செய்கிறேன். ஒவ்வொரு பதிகத்தின் அடியிலும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். மின்விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், வியர்வைதான் மிச்சம். புது மைக் வாங்கச் சொன்னார் கடைக்காரர்.

அப்புறம் ஒருநாள் மின்தடை. லேப்டாப் பேட்டரியில் ஓட, உறுமல் போயே போச்சு! நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சார்ஜர் வழியாக நுழைந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தால், மூன்று துளை பிளக் பாயிண்டில், கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை. குடிவந்து ஏழு வருடம்! பாட்டு கெட்டது போகட்டும், ஷாக் அடித்திருந்தால்? வீட்டைக் கட்டி ஒப்படைப்பவர்கள் ஒவ்வொரு பாயிண்டிலும் எர்த்தைச் சோதித்துக் காட்டுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம்.