லண்டன் – பாரிஸ்: எங்கிருந்து எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் பயணப் பகுதியில் வெளியான தூர அட்டவணையில் லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே 344 கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரம் என்று இருந்தது. இவற்றைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவற்றை மட்டும் நம்பிப் பயணச்சீட்டு எடுப்பவர் திண்டாடிப்போவார்.

344 என்பது ஒரு நகரின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு வரைபடத்தில் இழுத்த நேர்கோட்டின் அளவு. விமானமோ நகரின் நடுவிலிருந்து புறப்படுவதில்லை. ஹீத்ரோ விமான நிலையம் லண்டனின் மையத்துக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சார்ல் டி கோல் விமான நிலையம் பாரிஸுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். தென்கிழக்கில் உள்ள ஊருக்குப் போக வேண்டியவர் முதலில் மேற்கே போய் விமானம் ஏறி, பாரிஸுக்கு வெளியே இறங்கி, பிறகு ஆர்.ஈ.ஆர். என்னும் புறநகர் ரயிலில் நகருக்குள் வருகிறார். போவே விமான நிலையத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. பாரிஸ் பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கும் அது நகரிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

நேரத்துக்கு வருவோம். விமான நிறுவனங்களின் கால அட்டவணை பொதுவாக 1 மணி 20 நிமிடத்தை ஒட்டியே இருக்கும். அது விமானம் ஒரு வாயிலை விட்டு நகர்ந்து மறுவாயிலில் நிற்கும் வரையிலான கணக்கு. வானில் பறப்பது அதில் முக்கால் மணி நேரமோ சற்றுக் கூடுதலோதான். மீதமெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் வரிசையில் நிற்பதிலும் கழிகிறது. திரும்பும்போது ஹீத்ரோவில் நெரிசல் இருந்தால், தரையிறங்க முறை வரும்வரை வானத்திலேயே வட்டமடிக்கவும் நேரும். இவற்றோடு பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியது என்பதும் சேர்கிறது: காலை 10.00 மணிக்கு லண்டனை விட்டால் அங்கே 12.20, அதே 10.00 மணிக்குப் பாரிஸை விட்டால் இங்கே 10.20. அட்டவணையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ரயிலைத் தாங்கள் குறிப்பிடாததுதான் பெரிய குறை. லண்டனின் செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலிருந்து பாரிஸின் கார் து நோர் நிலையம் வரை தண்டவாளத் தூரம் 492 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அதிகமாக இருந்தும், ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் செல்லும், 1994இல் திறக்கப்பட்ட சுரங்கத்தின் வழியே விரைவு வண்டி சுமார் 2 மணி 16 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனைகளும் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுவதால், இறங்கியவர் நேரே தெருவுக்கு வந்துவிடலாம். ஆண்டுதோறும் பாரிஸின் லா ஷப்பெல் பகுதியிலுள்ள பிள்ளையார் கோயில் தேருக்கு லண்டனிலிருந்து போகும் நம்மவர்களுக்கு, கார் து நோரிலிருந்து கோயில் நடந்துபோகும் தூரம்தான்.

ஆகவே, அடுத்த முறை அட்டவணையை வெளியிடும்போது விமான நிலையத்தின் பெயர், புறப்படும் மற்றும் சேரும் உள்ளூர் நேரங்கள், ரயில் இருந்தால் அதன் நேரம் ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.