வரிக்கு முன் காய்ந்த மரம் வேண்டும்: சிறு மரச்சாமான் பட்டறைகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்
சிறு மரச்சாமான் பட்டறை உரிமையாளர்களும் தச்சர்களும்

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
தொழில் துறை

பொருள்: இறக்குமதி பர்னிச்சருடன் போட்டியிடும் உள்நாட்டு மரப் பட்டறைகளுக்குப் பொது சீசனிங் சேம்பர் (மரத்தை உலர்த்தும் அறை), சோதனை வசதி, கொள்முதல் விதித் திருத்தம் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இறக்குமதியைப் பற்றி ஒரு மனு உங்கள் மேசைக்கு வந்தால், "வரியை ஏற்றுங்கள்" என்றுதான் அதில் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். எங்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். கூடிப் பேசிப் பேசி, கடைசியில் முதல் கோரிக்கையாகக் காய்ந்த மரத்தைக் கேட்பது என்று முடிவானது. காரணம் சங்கடமானதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறோம்.

இந்த மனுவை எழுதுகிறவனின் பட்டறையில் ஒரு பள்ளிக்கு 20 மேசைகள் செய்து கொடுத்தோம். வைரம் பாய்ந்த மரம், துளையும் கழுந்தும் போட்ட இணைப்பு, மூன்று கை பாலிஷ். பார்த்தவர்கள் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். நான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். மேல்பலகை நடுவில் பிளந்து விரல் நகம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. சில மேசைகளில் டிராயரை இழுத்தால் மேசையே கூட வந்தது. மரவாடியில் "நன்றாகக் காய்ந்த மரம்" என்று சொல்லிக் கொடுத்த பலகை அது. மேல்பக்கம் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, மரம் அசைய இடம் விடாமல் சட்டத்தோடு இறுக்கித் திருகாணி போட்டது என் தவறு. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி வெளிநாட்டு மேசைகளை வாங்கியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறுத்த புதிதில் மரத்தின் உலர் எடையில் பாதிக்கும் மேலாகக்கூட நீர் இருக்கும். அது ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கும்வரை பலகை சுருங்காது. அதற்குக் கீழே போகும்போதுதான் சுருங்க ஆரம்பிக்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மரத்தின் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். பலகை கிண்ணம் போல வளைவதும், முறுக்கிக்கொள்வதும், பிளப்பதும் இதனால்தான். வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு ஈரம் பொதுவாக 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நிழலில் அடுக்கிக் காயவைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. அப்படிக் காத்திருந்தாலும், காற்றில் ஈரம் அதிகமுள்ள இடத்தில் 12-க்குக் கீழே இறங்காது. இன்று எந்தப் பட்டறைக்கும் இரண்டு ஆண்டு சரக்கை முடக்கிவைக்கக் கையில் பணம் இல்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் கட்டுப்படுத்தும் சேம்பரில், மரத்தைப் பொறுத்து அதே வேலை சில நாட்களிலோ சில வாரங்களிலோ முடிந்துவிடுகிறது.

வெளியிலிருந்து வரும் பெரிய தொழிற்சாலைச் சரக்கு மலிவாக இருப்பதற்குக் கூலி ஒரு காரணம்தான். அங்கே மரம் சேம்பரில் உலர்ந்து வருகிறது. ஒரே அளவில் அறுபடுகிறது. அப்புறம் பிரித்து அடுக்கிப் பெட்டியில் போகிறது. இந்தக் கடைசி விஷயம் புதிதும் இல்லை. 1859-இல் ஆஸ்திரிய மரச்சாமான் நிறுவனமான தோனெட் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியைப் பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கியது. நாங்கள் இன்னும் முழு நாற்காலியை வண்டியில் ஏற்றி, பாதி வண்டி காற்றைச் சுமந்துகொண்டு போகிறோம். ஆனால் பிரித்துப் பூட்டும் சாமானை ஈர மரத்தில் செய்ய முடியாது. இன்று போட்ட துளை அடுத்த மாதம் அதே இடத்தில் இருக்காது. எந்தப் பக்கம் சுற்றினாலும் பேச்சு சேம்பரில்தான் வந்து நிற்கிறது.

மலேசியாவைப் பாருங்கள். சுமார் 25 வயதில், பால் வடித்து முடிந்ததும் வெட்டும் ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகுதான். மாவுச்சத்து நிறைந்த மரம் என்பதால் வண்டும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். அறுத்த கையோடு போரான் மருந்தேற்றிச் சேம்பரில் உலர்த்தக் கற்றுக்கொண்டார்கள். அந்த விறகு இன்று ஏற்றுமதி நாற்காலியாகவும் மேசையாகவும் உலகம் சுற்றுகிறது.

எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: பட்டறைகள் நெருங்கியுள்ள ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பொது சீசனிங் சேம்பர். தனி ஒருவருக்குக் கட்டுப்படியாகாது, வாங்கினாலும் ஆண்டு முழுவதும் அதை நிரப்ப அவரிடம் மரம் இருக்காது. இடமும் இயந்திரமும் அரசு தரட்டும். நடத்தும் செலவைக் கன அடிக்கு இவ்வளவு என்று கட்டணமாக நாங்கள் கட்டுகிறோம். எரிபொருளுக்கு எங்கள் பட்டறைகளின் மரத்தூளும் துண்டுக்கட்டைகளுமே பெருமளவு உதவும். ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: ஒவ்வொரு அடுக்குக்கும் ஈரமானியில் அளந்த சீட்டு. இயக்கத் தெரிந்த ஆளை நிரந்தரமாக அமர்த்துங்கள். இதற்கு முன் சில இடங்களில் பொதுப்பணத்தில் வாங்கிய இயந்திரங்கள் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி, உள்ளே தேன்கூடு போலப் பிளந்துவிடும். அது அறுக்கும்போதுதான் தெரியும்.

அடுத்தது தரம். மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டிலும் மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப்பிலும் உள்ள பசை ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைக் கசியவிடுகிறது. 2004-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது. அமெரிக்க விதிப்படி அந்த வாயு பார்ட்டிகிள் போர்டில் 0.09 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.09 பங்கு), எம்டிஎஃப்பில் 0.11 பிபிஎம் தாண்டக்கூடாது. குழந்தைகள் மேல் அலமாரி சாய்ந்து விழுவதைத் தடுக்க அங்கே 2022 இறுதியில் தனிச் சட்டமே வந்தது. கடுமையான சந்தைக்கு ஆகாத சரக்கு, விதி தளர்வான சந்தையைத்தான் தேடிப் போகும். எனவே துறைமுகத்திலும் பட்டறையிலும் ஒரே விதி இருக்கட்டும். எங்களுக்குச் சலுகை வேண்டாம்.

ஆனால் சோதனை முறையில் ஒரு சிக்கல் உண்டு, அதை மட்டும் கவனித்துச் செய்யுங்கள். பெரிய தொழிற்சாலை ஒரு மாடலைச் சோதித்து அதே மாடலில் பத்தாயிரம் செய்கிறது. நாங்கள் பத்து நாற்காலி செய்கிறோம், பதினோராவது வேறு மாடல். மாடலுக்கு ஒரு சான்றிதழ் என்று விதி வந்தால், இறக்குமதியைத் தடுக்க வந்த விதியே எங்களை மூடிவிடும். பலகைக்கான சான்றை அதைச் செய்யும் ஆலையே தரட்டும். சாமானுக்கு மாடல்வாரியாக வேண்டாம், இணைப்பு வகை வாரியாகச் சான்று கொடுங்கள். தச்சர் நேரில் வந்து சோதித்துப் பார்க்க, பொது சேம்பர் பக்கத்திலேயே ஒரு சிறிய சோதனைக்கூடமும் வேண்டும்.

சரி, வரிக்கு வருகிறோம். முழுச் சுவர் எழுப்பச் சொல்லவில்லை. சீனாவிலிருந்து வந்த மரப் படுக்கையறைச் சாமான்களுக்கு அமெரிக்கா 2005-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்குச் சரக்கைக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) போட்டது. வேலை அமெரிக்கப் பட்டறைகளுக்குத் திரும்பியதா என்றால், பெருமளவு வியட்நாமுக்கும் வேறு நாடுகளுக்கும் நகர்ந்தது. ஒரு நாட்டுக்கு வரி போட்டால் சரக்கு அடுத்த நாடு வழியாக வருகிறது. எனவே வரி விஷயத்தில் இரண்டே வேண்டுகோள். ஒன்று, கீல், டிராயர் ஓடுபாதை, பூட்டு, அறுத்த மரம் போன்ற மூலப்பொருள்களுக்கு முடிந்த பர்னிச்சரைவிட அதிக வரி எங்காவது இருந்தால் அதைத் திருத்துங்கள். இரண்டு, மதிப்பைக் குறைத்துக் காட்டி வரும் பெட்டிகளைச் சுங்கத்தில் பாருங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பொருள்குவிப்பு விசாரணை கேட்க, உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைப்படி, உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ளவர்களின் ஆதரவு வேண்டும். ஒழுங்கான கணக்குப் புத்தகம்கூட இல்லாத சிறு பட்டறைகள் தங்கள் பங்கை எப்படி நிரூபிக்கும்? அதே உடன்படிக்கை, சிறப்புச் சூழலில் போதிய சான்று இருந்தால் அரசே விசாரணையைத் தொடங்கலாம் என்கிறது. பட்டறைகளின் உற்பத்தியை ஆண்டுதோறும் உங்கள் துறை எண்ணிவைத்தால் அந்தச் சான்று உங்கள் கையிலேயே இருக்கும். இப்போது எங்களை யாரும் எண்ணுவதில்லை.

கொள்முதலில் எங்களுக்கு இருக்கும் வருத்தம் பழையது. டெண்டரில் மிகக் குறைந்த விலைக்குத்தான் வேலை. தண்ணீர் பட்டு ஊதிப்போன பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளை எங்களிடம் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறார்கள். திருகாணி போட்ட இடம் மாவாக உதிர்ந்துவிடும், மறுபடி பிடிக்க இடமே இருக்காது. டெண்டரில் உள்நாட்டுச் சரக்கு என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஒப்படைக்கும் நாளில் மரத்தின் ஈர அளவு, கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள், ஐந்து ஆண்டு பழுதுபார்ப்புப் பொறுப்பு என்று எழுதுங்கள். அவற்றையும் சேர்த்து விலையை ஒப்பிடுங்கள். ஆயிரம் மேசைகளை ஒரே ஆர்டராகக் கொடுக்காமல் ஐம்பது ஐம்பதாகப் பிரித்தால் நாங்களும் கேட்க முடியும். பணத்தை 30 நாளில் கொடுங்கள். ஆறு மாதம் காத்திருக்கும் தச்சர், அடுத்த வேலைக்கு மறுபடி ஈர மரத்தைத்தான் வாங்குவார்.

முதல் சேம்பரை எங்கே வைக்கலாம் என்று நாங்கள் ஒரு பட்டியலும், மாதத்துக்கு எத்தனை கன அடி மரம் தர முடியும் என்று பட்டறைவாரியாக எழுதிய கணக்கும் தயாராக வைத்திருக்கிறோம். நேரில் பேச அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வரும்போது ஓர் ஈரமானியைக் கொண்டுவருகிறோம். அனுமதித்தால் உங்கள் அறை மேசையையும் அளந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறு மரச்சாமான் பட்டறை உரிமையாளர்களும் தச்சர்களும்