ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை: பார்க்க வேண்டியது சம்பளத்தை மட்டும் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடும் விளம்பரங்களில் மாதச் சம்பளம்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தச் சம்பளத்தை யார் தருகிறார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும். உள்ளூர் கல்வி வாரியம் நேரடியாக நியமிக்கலாம். வெளிநாட்டு இளைஞர்களை மொழி கற்பிக்க அழைத்துவரும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டத்தில் (1987-ல் தொடங்கியது) வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். தனியார் நிறுவனம் அமர்த்திப் பள்ளிக்கு அனுப்பலாம். ஏகாய்வா எனப்படும் உரையாடல் பள்ளிகள் தனி ரகம். அங்கே வேலை சூடுபிடிப்பது மாலையிலும் வார இறுதியிலும்தான்.

அரசுப் பள்ளியில் கற்பிக்க 'கியோயிகு' (கல்வி) விசா வேண்டும். அதற்குப் பட்டம் மட்டும் போதாது. கற்பிக்கும் மொழியின் வழியாகவே 12 ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ்வழி, கல்லூரியில் மட்டும் ஆங்கிலவழி என்றால் ஆங்கிலம் எவ்வளவு சரளமாக வந்தாலும் கணக்கு இடிக்கும். ஆங்கிலவழியில் படித்தவர்கள் பள்ளியிலிருந்து பயிற்றுமொழிச் சான்றிதழை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஏகாய்வாவுக்கான விசா வேறு. அதற்கு இந்த 12 ஆண்டு நிபந்தனை கிடையாது. ஆனால் பள்ளி விசாவோடு ஏகாய்வாவில் பகுதிநேரம் கற்பிக்கக் குடிவரவுத் துறையின் முன்அனுமதி கட்டாயம்.

அரசுப் பள்ளியில் இந்த வேலையின் பெயர் ஏஎல்டி, அதாவது துணை மொழி ஆசிரியர். ஜப்பானிய ஆசிரியர் உரிமம் இல்லாததால் வகுப்புக்குப் பொறுப்பு உள்ளூர் ஆசிரியருடையது. தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 50. தனியார் நிறுவனம் வழியாக வந்தால், இங்கேதான் அதற்கும் கல்வி வாரியத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தின் வகை தலைகாட்டும். 'கியோமு இதாக்கு' என்றால் வேலையை நிறுவனத்திடம் மொத்தமாகக் குத்தகைக்கு விட்டதாகப் பொருள். அப்போது பள்ளி ஆசிரியர் ஏஎல்டிக்கு நேரடியாக உத்தரவிடக் கூடாது. இட்டால் அது போலிக் குத்தகை என்று சட்டம் பார்க்கும். சேர்ந்து நடத்த வேண்டிய வகுப்பில் 'அந்த வரியை இன்னொரு முறை வாசியுங்கள்' என்று சொல்லக்கூட ஆசிரியர் தயங்குவார். நிறுவனத்துக்குச் சொல்லி, அது ஏஎல்டிக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். ஆளை மட்டும் அனுப்பிவைக்கும் 'ஹாக்கென்' ஒப்பந்தத்தில் இந்தக் கண்ணாமூச்சி இல்லை. பள்ளியே வேலை சொல்லலாம்.

வாரம் 29.5 மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் கண்டால் உஷாராக வேண்டும். முழுநேர ஊழியரின் 40 மணி நேரத்தில் முக்கால் பங்கு 30. அதைத் தொடாமல் நின்றால் நிறுவனம் சமூகக் காப்பீட்டில் தன் பங்கைக் கட்டாமல் தப்பலாம் என்பதே அந்த அரை மணியின் சூட்சுமம். 2024 அக்டோபரிலிருந்து 51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் இந்த வரம்பு வாரம் 20 மணி நேரமாகிவிட்டதால் பெரிய நிறுவனங்களிடம் இது செல்லாது. சிறிய நிறுவனம் சேர்க்கவில்லை என்றால் நகராட்சி அலுவலகத்தில் தேசிய மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் சொந்தக் காசில் கட்ட வேண்டும். 2025 நிதியாண்டில் ஓய்வூதியச் சந்தா மட்டும் மாதம் 17,510 யென். விடுமுறை வரும் ஆகஸ்டில் சம்பளத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு.

ஏப்ரல் மாதச் சம்பளம் மே மாதக் கடைசியில் வரும் இடங்கள் பல. முன்பணம், வீட்டுக்காரருக்குத் தரும், திரும்பி வராத 'சாவிப் பணம்', உத்தரவாத நிறுவனக் கட்டணம் என்று வீட்டுக்கே பல மாத வாடகை முதலில் போய்விடும். கையில் பணமில்லாமல் விமானம் ஏறக் கூடாது. வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும்.

சைவ உணவுக்காரர்கள் பள்ளி மதிய உணவு வேண்டாம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கும்.

முதல் ஆண்டில் வராத குடியிருப்பு வரி, முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது ஜூன் மாதத்தில் வந்து நிற்கும். நாடு திரும்புவோர் இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். வாங்கிவிட்டால், 2016-ல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி அந்த ஆண்டுகளை இந்திய ஓய்வூதியக் கணக்கோடு சேர்க்க முடியாது. நிறுவனம் வழியாகக் கட்டிய ஓய்வூதியம் திரும்ப வரும்போது அதில் பிடிக்கப்படும் 20.42 சதவீத வரியை மீட்க, கிளம்பும் முன்பே வரி அலுவலகத்தில் ஒரு பிரதிநிதியின் பெயரைப் பதிந்துவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஜப்பானிலிருந்து ஒரு வாசகர்